நான்கு பக்கமும் தைத்த நோட்டு

என்ன நண்பர்களே, எல்லோரும் சௌக்கியமா? உங்கள் பக்கமாவது மழை பெய்ததா?

நான் ஆம்பூர் ஸ்டேஷனில் உட்கார்ந்திருக்கிறேன். ஜோலார்பேட்டை வண்டி லேட்! (என்றைக்குத்தான் நேரத்துக்கு வந்தது?)

கல்யாணமாகிப் போன என் மகள் சவுந்தரி முதல் தடவையாக வீட்டுக்கு வருகிறாள்.

என் மடியில் அவள் எழுதிய நோட்டு இருக்கிறது. அவள் இறங்கி வந்ததும் என்ன சொல்வதென்று தெரியவில்லை. அதனால்தான் உங்களைப் பிடித்துக்கொண்டேன்.

நான் தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் வேலை செய்கிறவன். எழுத்து வாசனை கிடையாது. (மற்ற வாசனை ஜாஸ்தி!)

ஆனால் மகளை வேலூரில் ஹாஸ்டலில் விட்டுப் படிக்க வைத்தேன். ஊரே சிரித்தது. சிரிக்கட்டும் என்று விட்டேன்.

போன லீவுக்கு வந்தபோது ஒரு தடிப் புத்தகம் கொண்டுவந்தாள். பிரெஞ்சு தேசத்து நாவலாம், இங்கிலீஷில் போட்டது. அட்டை நல்ல கன்றுத் தோல். எங்கள் ஷாப்பில்கூட அந்த வழவழப்பு வராது. அந்தத் தோலுக்குக் கடுக்காய் போட்டார்களா, ஆவாரம்பட்டை போட்டார்களா என்று அரைமணி நேரம் தடவிப் பார்த்தேன்... சரி, அதை விடுங்கள்.

நாவலைப் படித்துவிட்டு அவரவர் மனசில் பட்டதைத் தமிழிலேயே எழுதிவர வேண்டும். டீச்சரம்மா உத்தரவு.

அதற்குள் இங்கே வெற்றிலை பாக்கு மாற்றியாகிவிட்டது. மாப்பிள்ளை ஜோலார்பேட்டையில் ரயில்வே வேலை! விடுவேனா?

எங்கள் வீடுகளில் கல்யாணத்தைப் பற்றிப் பெண் வாயைத் திறக்கிற வழக்கம் கிடையாது. யாரும் கேட்கிற வழக்கமும் கிடையாது.

கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது சவுந்தரி நோட்டைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"அப்பா, இத்த ஷாப்பு கணக்குப்பிள்ளையாண்ட குட்து படிக்கச் சொல்லிக் கேளு. அப்பால டீச்சராண்ட குடு."

"நீயே படிச்சிக் காட்டேன்மா."

"எனக்கு வெக்கமா இருக்குது. நீ அவசியம் கேக்கணும்பா."

"சரி சரி, கேக்கறேன்."

கேட்டேனா? இல்லை.

கணக்குப்பிள்ளை எந்நேரமும் வெற்றிலை போடுகிறவர். அந்தச் சிவப்பு விரல் என் மகளின் நோட்டில் படுவதா? அதோடு, பரீட்சைத் தாளை வாத்தியாருக்கு முன்னால் வேறு ஆள் பார்த்தால் மார்க் போய்விடும் என்று எவனோ சொன்னான்.

அதனால் நான் என்ன செய்தேன் தெரியுமா? மெல்லிய ஆட்டுத்தோல் ஒன்றைப் பொறுக்கி எடுத்து, நோட்டை உள்ளே வைத்து, நான்கு பக்கமும் மெழுகு நூலால் தைத்துவிட்டேன்!

கூட வேலை செய்கிற கரீம் பாய் (இப்போதுகூட என்னோடு ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறார்) சிரித்தார்.

"இன்னா மாமூ, நோட்டுக்குச் செருப்பா தைக்கிற?"

"போ பாய். மகாராணி எழுதனது, பத்திரமா போவணும்."

கல்யாணம் முடிந்தது. ஜோலார்பேட்டை வண்டி ஏறும்போது சவுந்தரி என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டாள்.

"நோட்டைப் படிக்கச் சொல்லிக் கேட்டியாப்பா?"

மாப்பிள்ளை வீட்டார் எல்லோரும் நிற்கிறார்கள். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"கேட்டேன், கேட்டேன்! ஜோரா எழுதிக்கிற!"

அவள் என்னையே பார்த்தாள். அப்புறம் தலையைக் குனிந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏறிவிட்டாள்.

பிரிந்து போகிற அழுகை என்று நினைத்தேன்.

போன வாரம்தான் வேலூர் போக முடிந்தது. டீச்சரம்மா தையலைப் பார்த்து மலைத்துப்போய்க் கத்திரிக்கோல் எடுத்துவந்தார்.

"மத்தப் பொண்ணுங்கள்லாம் குடுத்தாச்சு. ஒருத்தி காதல் பிரமாதம்னு எழுதியிருக்கா. இன்னொருத்தி, பிரெஞ்சு ரொட்டி எப்படியிருக்கும்னு ரெண்டு பக்கம்!"

இருவரும் சிரித்தோம். நான் சிரித்தது அதுதான் கடைசி.

"எனக்குப் படிச்சிக் காட்டுங்கம்மா."

டீச்சரம்மா முதலில் சொன்ன நாவலின் கதை இதுதான். ஒரு படகுக்காரன். மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் வாசலில் வந்து நிற்கிறபோது, அவன் மகளிடம் "உனக்குச் சம்மதமா?" என்று கேட்கிறான். அவள் இல்லை என்கிறாள். வந்தவர்களைத் திருப்பி அனுப்பிவிடுகிறான். அதன்பிறகு ஊரில் ஒருவரும் அவன் படகில் ஏறவில்லை.

என் மகள் எழுதியிருந்தது இது. டீச்சரம்மாவை மூன்று தடவை படிக்கச் சொன்னேன், மனப்பாடமாகிவிட்டது.

"இந்த நாவலில் எல்லோருக்கும் அந்தப் பெண்ணைப் பிடிக்கும். எனக்குப் படகுக்காரரைப் பிடித்தது. என் அப்பா நல்லவர். அவரும் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், கல்யாணம் வேண்டாம் என்று சொல்லியிருக்க மாட்டேன். படிப்பு முடிய ஒரு வருஷம்தான் இருக்கிறது, அதுவரை பொறுங்கள் என்று சொல்லியிருப்பேன். இதை அவர் கேட்பார் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்."

டீச்சரம்மா நோட்டை மூடிவிட்டுக் கேட்டார்.

"கல்யாணம் எப்போங்க?"

"முடிஞ்சிபோச்சிம்மா."

வகுப்பிலேயே அவளுக்குத்தான் மார்க் ஜாஸ்தியாம். நோட்டை என்னிடமே கொடுத்து அனுப்பினார்.

நண்பர்களே, நான் கேட்காமல் போனதுகூடப் பெரிதில்லை. கேட்டேன் என்று சொன்னேனே! ஒரு வருஷம் பொறுங்கள் என்று அவள் கெஞ்சியதைக் கேட்டுவிட்டு, ஜோராக எழுதியிருக்கிறாய் என்று சிரித்துக்கொண்டே வண்டி ஏற்றியவன் என்றல்லவா அவள் நினைத்திருப்பாள்?

இன்றைக்கு உண்மையைச் சொன்னால் அவள் பாரம் குறையுமா? இல்லை, பத்து நாள் என் கையிலேயே கிடந்ததே, பிரித்திருந்தால் போதுமே என்று இன்னும் ஜாஸ்தியாகுமா? பெண் பெற்றவர்கள் யாராவது சொல்லுங்கள்!

மாப்பிள்ளை தங்கமான பையன்தான். அதுவும் எனக்கு ஆறுதலாக இல்லை. படிப்பைத் தங்கத்தால் ஈடுகட்ட...

"மாமூ! வண்டி வந்துடிச்சி! அதோ, உன் பொண்ணு எறங்குது பாரு!"

"வர்றேன் பாய்!"

மன்னித்துக்கொள்ளுங்கள், எழுந்திருக்கிறேன். நோட்டை எடுத்துக்கொண்டேன். அவளிடம் முதலில் நான்...