பெயருக்கு முன்னால் ஒரு சிலுவை

எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அம்மா அந்த டிசம்பரின் தொடக்கத்தில் ஒரு தாளைக் கொண்டுவந்தார். பள்ளிக்கூட நோட்டிலிருந்து கிழித்த தாள். நனையாமல் இருக்க அதை பிளாஸ்டிக் கவரில் மடித்து இடுப்பில் செருகியிருந்தார். அவர் கை ஈரமாக இருந்ததால் நானே அதை உருவி எடுத்தேன்.

"எங்க வீட்டுக்கும் பேரு போட்டு அஞ்சு நட்சத்திரம் வெட்டித் தா மக்கா. மருமவ எழுதித் தந்திருக்கா. எனக்க பேரு கடைசியில கெடக்கும் பாரு. கெழவிய அவ எப்பவும் கடைசியிலதான் போடுவா."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவர் பெயர் கடைசியில்தான் இருந்தது. முதலில் இருந்தது அவருடைய மகன் பெயர்.

மகன் கடலுக்குப் போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. குளச்சலுக்குப் பக்கத்துக் கரையிலிருந்து போன அந்தப் படகில் மூன்று பேர். இரண்டு பேரை வேறொரு படகுக்காரர்கள் கரை சேர்த்தார்கள். மூன்றாவது ஆள் வரவில்லை, உடலும் ஒதுங்கவில்லை. இதையெல்லாம் அந்த அம்மா சாளை மீனை எண்ணிப் போட்டுக்கொண்டே, எங்கள் வாசல் நடையில் வைத்து, பல நாட்களாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லியிருந்தார். கடைசியாகச் சொன்னது, இறந்தவர்களுக்காகக் கோயிலில் பாதிரியார் வைக்கிற பூசையைப் பற்றி.

"ஆத்துமாவுக்குப் பூசை வைக்கலாமாண்ணு சாமியார் கேக்காரு. இவ சம்மதிக்க மாட்டேங்கா. 'ஆளு ஒரு நாளு வந்து நிப்பாவ, அப்ப என்ன சொல்லுவிய மாமி?'ண்ணு கேக்கா. நான் என்னத்தச் சொல்லட்டும் மக்கா?"

மாமியாரும் மருமகளும் இரண்டு பிள்ளைகளும் ஒரே வீட்டில் இருந்தார்கள். அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருந்ததால்தான் அந்த வீடு ஓடிக்கொண்டிருந்தது என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

பலகையில் எழுத்தை எரித்து வெட்டுகிற என்னுடைய லேசர் மிஷின் அடுக்களைக்குப் பின்னாலிருக்கும் சின்ன அறையில் இருக்கிறது. கல்லூரியில் படித்த படிப்புக்கு வேலை கிடைத்தபோது மகள் வயிற்றில் இருந்தாள். அவளுக்கு ஒரு வயதானதும் வளைகுடாவில் இருக்கும் கணவர் இந்த மிஷினை வாங்கித் தந்தார். வீட்டிலிருந்தபடியே செய்யலாம், பிள்ளையையும் பார்த்துக்கொள்ளலாம் என்றார். பிள்ளையைப் பார்த்துக்கொள்வதாகத்தான் நினைக்கிறேன். மிஷின் ஓடும்போது அந்த அறைக் கதவைச் சாத்தி, கீழே இடைவெளியில் ஈரத்துணி வைத்து அடைத்து, புகை போகிற குழாயை ஜன்னலுக்கு வெளியே விட்டுவிடுவேன். அப்படியும் அவள் ஒரு முறை இருமினால் மிஷினை நிறுத்திவிட்டு ஓடிப் போய் அவள் நெஞ்சில் காது வைத்துக் கேட்பேன்.

கிறிஸ்மஸ் மாதம் முழுக்க, மரத்தில் தொங்கவிடுகிற பெயர் நட்சத்திரங்கள்தான். மூன்று மில்லிமீட்டர் கனமுள்ள பிளைவுட்டில் முதலில் பெயரை எரிக்க வேண்டும், பிறகு ஓரத்தை வெட்ட வேண்டும். பெயர் பொன்னிறமாகத் தொடங்கி காப்பிப்பொடி நிறத்துக்குப் போகும். எரித்ததை அழிக்க முடியாது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாலும் ஒரு நிழல் நிற்கும். அதனால் எந்தப் பெயரையும் அனுப்புவதற்கு முன் மூன்று முறை வாசிப்பேன்.

பெயர்களைவிட எனக்குப் பயம் சிலுவைதான். எங்கள் பக்கத்தில் கல்யாண அட்டையிலே இறந்துபோனவர்கள் பெயருக்கு முன்னால் சின்னச் சிலுவை போடுவது வழக்கம். போன வருடம் ஒரு அக்கா குடும்பம் முழுவதற்கும் நட்சத்திரம் கேட்டார். அவருடைய அப்பா இறந்துவிட்டது எனக்குத் தெரியாது. சும்மா பெயரை மட்டும் எரித்துக் கொடுத்தேன். "உயிரோட இருக்கவங்க கூட்டத்துல எங்கப்பாவயும் சேத்துப் போட்டிருக்கியே, அம்மா பாத்தா தாங்குவாளா?" என்று கேட்டுவிட்டுப் போனவர் பிறகு என்னிடம் எதுவும் வாங்கவில்லை. அன்றிலிருந்து யார் பெயர் தந்தாலும், "இதில் யாராவது கர்த்தருக்குள் போனவங்க இருக்காங்களா?" என்று கேட்டு, அவர்கள் சொன்னதைத் தாளிலேயே குறித்துக்கொள்வேன்.

எல்லாரிடமும் கேட்ட அந்தக் கேள்வியை நான் மீன்கார அம்மாவிடம் மட்டும் கேட்கவில்லை. எப்படிக் கேட்பது? மீன் சுமக்கிற சருவத்தைத் தலையில் தூக்கி வைக்க நான் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டிருந்தேன். வாய் வரை வந்தது. கேட்டால் அழுதுவிடுவாரோ என்று விழுங்கிவிட்டேன்.

அவர் போன பிறகு தாளை வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தேன். மருமகள் எழுதியதில் சிலுவை இல்லை. ஆனால் பூசையைப் பற்றி என்னிடம் சொன்னவர் மாமியார். அவர் மனதில் மகன் போய்விட்டான் என்றுதானே அர்த்தம்? போடாமல் விட்டு, அந்த அக்காவைப் போல இவரும் நொந்துபோனால்? போட்டு, மருமகள் நொந்துபோனால்? தாளில் இருப்பதை அப்படியே செய்திருக்கலாம். என் வேலை அவ்வளவுதான். மகள் வெளியே கதவைத் தட்டிக்கொண்டிருந்தாள். சிலுவையைப் போட்டேன். ரொம்பச் சின்னதாக, ஒரு அரிசி அளவுக்கு. சின்னதாகப் போட்டால் தப்பு சின்னதாகிவிடும் என்று நினைத்தேனோ என்னவோ.

மறுவாரம் அவர் வந்தபோது ஐந்தையும் காட்ட வேண்டும் என்றுதான் எடுத்து வந்தேன். அவர் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். மீன் செதில்.

"நான் தொட்டா நாறிப்போவும். பொதிஞ்சே தா மக்கா. வீட்டுல போய் பிள்ளியளோட பாக்கேன்."

பொதிந்து கொடுத்தேன். கவரில் என் போன் நம்பர் ஒட்டியிருந்தது.

மறுநாள் காலையில் மருமகள் கூப்பிட்டாள். அதுவரை அவள் குரலைக் கேட்டதில்லை.

"அக்கா, எங்க மாமி ஒங்ககிட்ட என்ன சொன்னாவ?"

"ஒண்ணும் சொல்லல்லியே."

"பொறவு அந்தக் குருசு ஆரு போட்டது?"

"நான்தான். அம்மா சொல்லல்ல. நானா போட்டது."

"நீங்க எதுக்குப் போடணும்? ஒங்களுக்கு எனக்க மாப்பிளையத் தெரியுமா?"

தெரியாது என்றேன்.

"அப்பொ மாமி சொல்லித்தான் போட்டிருக்கிய. மறைக்காண்டாம். சாமியார்ட்ட நேரிட்டுச் சொல்ல முடியாம ஒங்க மிஷினுட்ட சொல்லியிருக்காவ."

"இல்ல, சத்தியமா இல்ல" என்று நான் சொல்லும்போதே அழைப்பு நின்றுவிட்டது. திரும்பக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

அன்றே புதிதாக ஒன்று வெட்டினேன். பெயர் மட்டும். மகளை அம்மா வீட்டில் விட்டுவிட்டு மறுநாள் பஸ் ஏறினேன்.

வீடு, கடல் ஏறாமலிருக்கக் கரையில் போட்ட கற்களுக்கு இரண்டு வரிசை தள்ளி இருந்தது. முன்னறையில் மண் நிரப்பிய பெயிண்ட் வாளியில் கிறிஸ்மஸ் மரமாகச் சவுக்குக் கொம்பு ஒன்றை நட்டிருந்தார்கள். அதில் நான்கு நட்சத்திரங்கள் தொங்கின. மருமகள் என்னைவிட இளையவள். உட்காருங்கள் என்று சொல்லாமல் நின்றாள். மாமியார் பின்வாசலில் சருவத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். தேய்க்கிற சத்தம் மட்டும் கேட்டது.

பஸ்ஸில் மனப்பாடம் செய்ததைச் சொன்னேன். "தப்பு என்னுது. உங்க மாமி ஒரு வார்த்தை சொல்லல்ல. அவங்க அதப் பாக்கவே இல்ல. பொதிஞ்சுதான் கொடுத்தேன்."

தேய்க்கிற சத்தம் நின்றது. அந்த அம்மா உள்ளே வந்தார்.

"நாந்தான் சொன்னேன்" என்றார். "அந்தப் பிள்ளைய ஒண்ணும் பறையாண்டாம். நான் சொல்லித்தான் அது போட்டுது."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. "அம்மா, நீங்க சொல்லல்லியே" என்றேன். என் குரல் எனக்கே பொய்யாகக் கேட்டது.

மருமகள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. புதிய நட்சத்திரத்தை வாங்கி, நூலைப் பல்லால் கடித்து நீளம் குறைத்து, கொம்பின் உச்சியில் கட்டினாள். பிறகு கீழே தொங்கிய மாமியார் நட்சத்திரத்தை அவிழ்த்து அவர் கையில் வைத்தாள்.

"இதுல ஒங்களுக்கு எடம் இல்ல மாமி."

சிலுவை போட்டதை என் கையில் தந்து, "இதக் கொண்டுபோங்க" என்றாள்.

பஸ் நிறுத்தம் வரை அந்த அம்மா என்னோடு வந்தார். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். சாலையைப் பார்த்தபடிதான் பதில் சொன்னார்.

"ஒரு வருசமா எனக்க வாயில வரல்ல மக்கா. நீ போட்டுட்ட. பெத்தவ நான் சொல்லாம அத ஒனக்க தப்புண்ணு விட்டா, எனக்க மவன் இன்னும் எத்தற நாளு தண்ணியில கெடப்பான்?"

பஸ் வந்தது. அவர் முந்தானையில் இரண்டு கையையும் அழுத்தித் துடைத்தார். உலர்ந்துவிட்டதா என்று விரல்களைத் தேய்த்துப் பார்த்தார். பிறகு கையை நீட்டினார். சிலுவை போட்ட நட்சத்திரத்தைக் கொடுத்தேன்.

அந்த வாரம் மிச்சமிருந்த பெயர்களையெல்லாம் வெட்டிக் கொடுத்தேன். எங்கள் வீட்டு மரத்துக்கு என் கணவர் பெயரை மட்டும் வெட்டவில்லை, கடல் தாண்டி இருக்கிற ஆளின் பெயரை எரிக்க மனம் வரவில்லை. போனில் கேட்டார். பிளைவுட் தீர்ந்துவிட்டது என்றேன்.

கிறிஸ்மஸ் கழிந்து பத்து நாட்களுக்கு மேல் மீன்கார அம்மா வரவில்லை. வந்த அன்று நானே போய்ச் சருவத்தை இறக்கினேன். மருமகள் எப்படியிருக்கிறாள் என்று கேட்டேன்.

"பிள்ளியளக் கூட்டிட்டு அவளுக்க அம்ம வீட்டுக்குப் போயிட்டா. அந்த நாலு நட்சத்திரத்தயும் அவுத்துக் கொண்டு போயிட்டா."

"தனியாவா இருக்கீங்க?"

"எதுக்குத் தனியா? நானும் மவனும் இருக்கோம்" என்றார். சருவத்தை மூடியிருந்த இலையை விலக்கினார். "சாளை இருக்கு, நெத்திலி இருக்கு. எது எடுக்கட்டும்?"

நெத்திலி என்றேன். பிள்ளைக்கு முள் இல்லாமல் கொடுக்கலாம்.