யானைத்தாளும் கிளித்தாளும்

அந்தக் கிளிக்கு மூக்கு இரண்டு. சிவப்பு மை ஏறும்போது தாள் ஒரு நூல் நகர்ந்துவிட்டால் அப்படித்தான் ஆகும். முகத்தில் ஒரு மூக்கும் பக்கத்தில் அந்தரத்தில் தொங்கும் இன்னொரு மூக்குமாக, தாள் முழுக்கக் கிளிகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். சிவகாசியில் நான் வேலை பார்த்த லித்தோ அச்சகத்தில் இப்படிக் கெட்டுப்போன கிளி, யானைப் படத் தீப்பெட்டி லேபிள் தாள்களைத் தனியாகக் கட்டி வைப்பது என் பொறுப்பு. சனிக்கிழமை தவறாமல் ஒருவர் சைக்கிளில் வந்து வாசலில் நின்று, "தம்பி, ரெண்டு மூக்குக் கிளி இருக்கா? யானை இருந்தாலும் குடுங்க. மை கையில ஒட்டாம இருக்கணும், அம்புட்டுத்தான்" என்பார். அவர்தான் எங்கள் கம்பவுண்டர்.

ஆமத்தூர்ப் பக்கம் எங்கள் ஊருக்கு அருகில் இருந்த சிறிய சர்க்கார் ஆஸ்பத்திரியில் அவருக்கு வேலை. டாக்டர் வாரத்தில் இரண்டு நாள் வருவார். மற்ற நாட்களில் இவர்தான் எல்லாம். ஐம்பதுகளின் கடைசி அது. புண்ணுக்கும் கண்ணுக்கும் சல்பா மருந்துதான் அப்போது கண்கண்ட மருந்து. தோல் புண்ணுக்கு ஒரு களிம்பு, கண்ணில் பீளை தள்ளினால் போடுவதற்கு வேறொரு களிம்பு. ஒரே சாதி மருந்துதான், பக்குவம் வேறு. தோலுக்கானதைக் கண்ணுக்குள் போடக்கூடாது. ஒருமுறை ஒரு தகப்பன் கைப்புண்ணுக்குக் கொடுத்ததைப் பிள்ளையின் கண்ணில் இட்டுவிட்டான். பிள்ளை இரண்டு நாள் கதறியது. அதற்குப் பிறகுதான் கம்பவுண்டர் அச்சகத்துக்கு வர ஆரம்பித்தார். எங்கள் பக்கத்தில் எழுத்துத் தெரியாதவர்கூட லேபிள் படத்தைப் பார்த்துச் சரக்கைச் சொல்லிவிடுவார். ஆகவே தோல் களிம்பை மெழுகுத்தாளில் வழித்து, மேலே யானைத்தாள் சுற்றினார். கண் களிம்பு சுண்டுவிரல் அளவு டியூபில் வரும், அதற்குக் கிளித்தாள். யானை தோலுக்கு, கிளி கண்ணுக்கு. ஒரு மாதத்தில் சுற்றுவட்டாரமே பழகிக்கொண்டது. அதன்பின் யாரும் மாற்றிப் போடவில்லை.

அவர் மருந்து கொடுப்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். முதலில் கேள்வி. "இதுக்கு முன்னாடி ஏதாச்சும் மருந்து சாப்பிட்டு, தடவி, ஊறல் எடுத்து அரிச்சுச்சா? தடிப்பு வந்துச்சா? வாய் வெந்துச்சா?" இல்லை என்று சொன்னாலும் விடமாட்டார், வேறு மாதிரி மறுபடி கேட்பார். பிறகு சோப்புப் போட்டுக் கையைக் கழுவுவார், கழுவச் சொல்லுவார். புண் என்றால் சீழையும் பொருக்கையும் ஊறவைத்து எடுத்த பிறகுதான் களிம்பு; சீழுக்கு மேல் பூசினால் மருந்து வேலை செய்யாது என்பார். கண் என்றால் கொதித்து ஆறிய தண்ணீரில் துணியை நனைத்துப் பீளையைத் துடைத்து, கீழ் இமையை இழுத்துவிட்டு, ஓர் அரிசி அளவு இடுவார். டியூபின் முனை இமைமயிரில்கூடப் படக்கூடாது. "ஒரு டியூப் ஒரு ஆளுக்குத்தான். ரெண்டு நாள்ல கண்ணு தெளிஞ்சாலும் நான் சொன்ன நாள் வரைக்கும் போடணும். அதுக்கு மேல ஒரு நாளும் போடக்கூடாது. மீதிய எங்கிட்ட கொண்டாங்க." மீதியை யாரும் திருப்பிக் கொண்டுவந்ததில்லை. ஓலைக்கூரையில் செருகி வைப்பது எங்கள் ஊர் வழக்கம்.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே பயம் கூடுதல். ஐந்தாம் வகுப்பில் வாத்தியார் கேள்வி கேட்பாரோ என்ற பயத்திலேயே பள்ளிக்கூடத்தை விட்டேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். கல்யாணமான பிறகு அந்தப் பயம் முழுவதும் என் மனைவிமேல் குடியேறியது. அவள் பட்டாசுக் கம்பெனியில் காகிதக் குழாய் சுருட்டிக்கொண்டிருந்தாள். பசையிலேயே கிடந்து விரலிடுக்கு வெடித்து, முழங்கை வரை புண் ஏறியது. கம்பவுண்டர் யானைத்தாளில் களிம்பு கொடுத்தார். "உடம்பு ஊறுனாலோ, செவப்புச் செவப்பாத் தடிச்சாலோ, காய்ச்சலடிச்சாலோ, வாய் எரிஞ்சாலோ மேற்கொண்டு தடவாதீக. அப்படியே கெளம்பி வந்துருங்க" என்றார். அவர் சொன்னது அவளிடம். மனப்பாடம் செய்தது நான்.

மறுநாளே ஓடினேன், அவள் கழுத்தில் சிவப்புப் புள்ளிகள். பார்த்தார், வேர்க்குரு என்றார். அதற்கடுத்த நாளும் ஓடினேன், கொசுக்கடி. மூன்றாம் முறை அவள் தாடையிலிருந்து காது வரை ஒரே சிவப்பு. அவளை இழுத்துக்கொண்டே போனேன். கம்பவுண்டர் பஞ்சை நனைத்து ஒரு இழுப்பு இழுத்தார். பஞ்சு சிவந்தது, தாடை வெளுத்தது. "பட்டாசுத்தாள் சாயம் தம்பி. வேர்வையில எறங்கியிருக்கு." வரிசையில் நின்றவர்கள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். அச்சகத்தில் போர்மேன், "ஏலே, உன் பொண்டாட்டி தும்முனா மதுரைக்குத் தந்தி அடிப்பியோ?" என்று கேட்டார். கம்பவுண்டர் மட்டும் சிரிக்கவில்லை. "சிரிக்கிறவுக சிரிக்கட்டும். நீங்க வாங்க தம்பி. வராம வீட்டுல இருந்து பாக்கலாம்னு நெனைக்கிறவுகதான் என்னைக் கொல்றாக" என்றார். பயத்தைக் குறையென்று சொல்லாத ஒரு மனிதரை அன்றுதான் முதன்முதலாகக் கண்டேன்.

நான்காம் தடவை அது சாயம் இல்லை. புண்ணைச் சுற்றித் தடித்து, தோள் வரை ஏறி, அவள் உட்கார முடியாமல் சொறிந்துகொண்டிருந்தாள். கம்பவுண்டர் வெளிச்சத்தில் நிறுத்தி வைத்துக் கை, வாய், கண் எல்லாம் பார்த்தார். களிம்பை நிறுத்தி, வேறு வைத்தியம் செய்தார். ஒரு வாரத்தில் அடங்கியது. "தாயி, இந்த மருந்து உங்களுக்கு ஆகாது. இனிமே இதைத் தொடவே கூடாது" என்று யானைத்தாளைக் கையில் பிடித்துக்கொண்டு சொன்னார். ஒரு சீட்டும் எழுதிக் கொடுத்தார். அதை நான் டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். வாசிக்கத் தெரியாத என் மனைவி தன் வழியில் மனதில் எழுதிக்கொண்டாள்: யானை எனக்கு ஆகாது.

அடுத்த வருடம் தீபாவளி சீசனில் ஊரெல்லாம் கண்வலி. அச்சகத்தில் லேபிள் ஆர்டர் குவிந்து, நான் இரண்டு நாளாக வீட்டுக்குப் போகவில்லை. என் மனைவிக்கு இமை ஒட்டிக்கொண்டு திறக்க முடியவில்லை. பக்கத்து வீட்டு அக்கா, எங்களுக்குக் கூடப்பிறந்தவளைவிட மேல், தன் மகளுக்கு வாங்கிய டியூபில் மீதி இருந்ததைக் கூரையிலிருந்து எடுத்துக்கொண்டு வந்தாள். என் மனைவி கேட்காமல் வாங்கிவிடவில்லை.

"யானையா அக்கா, கிளியா?"

"கிளிதான்டி. எம்மக ரெண்டே நாள்ல முழிச்சுட்டா. காட்டு கண்ண."

சாயங்காலம் ஒரு தடவை, காலையில் ஒரு தடவை. அவ்வளவுதான் போட்டாள். அரிசி அளவுதான்.

நான் வந்தபோது அவள் முகம் அவள் முகமாக இல்லை. உதடு வெடித்திருந்தது, மார்பெல்லாம் சிவப்பு வட்டம், உடம்பு கொதித்தது. தண்ணீர்கூட விழுங்க முடியாமல் வாயைத் திறந்தபடி கிடந்தாள். பாயின் ஓரத்தில் இரண்டு மூக்குக் கிளி. வேர்க்குருவுக்கும் சாயத்துக்கும் ஓடிய கால் அன்றைக்கு நகரவில்லை, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். பக்கத்து வீட்டு அக்காதான், "ஏலே, என்னலே பாத்துக்கிட்டு நிக்க! தூக்குலே!" என்று கத்தினாள். அந்தக் கிளித்தாளையும் எடுத்துக்கொண்டு, சைக்கிள் கேரியரில் அவளை உட்காரவைத்து, அந்த அக்கா பின்னால் பிடித்துக்கொண்டு ஓடிவர, ஆஸ்பத்திரி சேர்ந்தோம்.

கம்பவுண்டர் அவளைப் பார்த்தார். என் கையில் இருந்த தாளைப் பார்த்தார். அக்கா அழுதுகொண்டே, "யானை குடுக்கலய்யா, கிளிதான் குடுத்தேன்" என்றாள். அவர் முகம் செத்துப்போனது. "தப்பு உங்களது இல்லை தாயி. ரெண்டும் ஒரே மருந்து. படத்தைக் குடுத்தவன் நான். ரெண்டுக்கும் உறவு உண்டுன்னு சொல்லாம விட்டவனும் நான்தான்" என்றார். வரிசையில் நின்ற அத்தனை பேர் காதிலும் விழும்படி சொன்னார். சர்க்கார் உத்தியோகத்தில் இருந்த யாரும் அப்படிச் சொல்லி நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இவர் கூட இருந்தால் இவள் பிழைப்பாள் என்றுதான் தோன்றியது.

ஆயாவிடம் ஆஸ்பத்திரியை ஒப்படைத்துவிட்டு அவரே எங்களோடு கிளம்பினார். விருதுநகர் வரை வண்டி, அங்கிருந்து மதுரைக்குப் பஸ். வழி முழுக்க, கொதித்து ஆறிய உப்புத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக அவள் கண்ணில் விட்டுக்கொண்டே வந்தார். இமையும் விழியும் ஒட்டிக்கொண்டால் பிரிக்க முடியாது என்று, சுத்தமான கண்ணாடிக் குச்சியால் இமைக்குள் மெல்ல வருடி வருடி விலக்கினார். பஸ் குலுங்கும்போதெல்லாம் கையை எடுத்துவிடுவார், நின்றதும் தொடங்குவார். மதுரைப் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் கேட்டபோது, போன வருடம் எந்த மருந்து கொடுத்தேன், எத்தனையாவது நாளில் தடித்தது, இப்போது எத்தனை வேளை போட்டார்கள் என்று ஒன்று விடாமல் சொன்னார். அதன் பிறகுதான் அவர்கள் என்னிடம் சொன்னார்கள்: உயிருக்கு ஆபத்து உண்டு. பிழைத்தால் தோல் வளர்ந்துவிடும். கண்ணைப் பற்றி இப்போது ஒன்றும் சொல்வதற்கில்லை.

இருபது நாளுக்கு மேல் அங்கே கிடந்தோம். தோல் வெந்ததுபோல் உரிந்தது. வாழையிலையில்தான் படுக்கவைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் கம்பவுண்டர் வந்து, நர்சம்மாவிடம் கேட்டுக்கொண்டு, அவரே ஒருமுறை கண்ணைக் கழுவுவார். மூன்றாவது ஞாயிறு கழுவிவிட்டு, "தாயி, எம் பக்கம் பாருங்க. என்ன தெரியுது?" என்றார். அவள் இமையைச் சுருக்கி அவரை மேலும் கீழுமாகப் பார்த்தாள். பிறகு, "மேச்சட்டையில ஒரு பித்தானைக் காணோம்" என்றாள். அவர் குனிந்து தன் சட்டையைப் பார்த்தார். பிறகு வராந்தாவுக்குப் போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

ஊர் திரும்பியதும் அவர் யானையையும் கிளியையும் விடவில்லை. கண்ணுக்கும் தோலுக்கும் அவை தேவைதான். ஆனால் சல்பா இருக்கும் எந்தப் பொட்டலமானாலும், யானையோ கிளியோ, மாத்திரையோ பொடியோ, அதன்மேல் சிவப்பு நூல் ஒன்று சுற்றிக் கட்டினார். ஒன்று ஆகாதவருக்குச் சிவப்பு நூல் கட்டிய எதுவும் ஆகாது. தடவுவதானாலும் சொட்டுவதானாலும் விழுங்குவதானாலும் சரி. இன்றைக்கு மருந்துக்கடையில் நின்று, "இதுல சல்பா இருக்கா?" என்று நான் கேட்டால் கடைக்காரப் பையன் செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமல் டியூபைத் தள்ளுகிறான். பொடி எழுத்தில் எல்லாம் இருக்கிறது. எழுத்துக் கூட்டி வாசிக்கிறேன். நூல் கட்டியவரை நினைத்துக்கொள்கிறேன்.

ஆனால் நூல் கட்டினால் போதுமா? கூரைகளில் செருகிய பழைய மீதிகள் அப்படியே இருந்தன. கம்பவுண்டர் வீடு வீடாகப் போய்க் கேட்டார். "ஒண்ணுமில்லையே அய்யா" என்று எல்லாரும் சொன்னார்கள். நல்ல மருந்தைத் தூக்கிக் கொடுக்க யாருக்கு மனம் வரும்? ஒரு நாள் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். அதுவரை என் மனைவி வெளியே தலைகாட்டவில்லை. முகமெல்லாம் கருப்பும் வெளுப்புமாகத் திட்டு. தண்ணீருக்குக்கூட நான்தான் போய்க்கொண்டிருந்தேன்.

"தாயி, கேக்கறதுக்கு எனக்கு யோக்கியதை இல்ல. நான் சொன்னா யாரும் நம்ப மாட்டேங்காக. உங்க முகத்தை நாலு பேருக்குக் காட்டணும். வருவீகளா?"

நான் முந்திக்கொண்டு, வெயில் ஆகாது, காற்று ஆகாது, ஆள்கள் ஏதாவது சொல்லுவார்கள் என்று அடுக்கினேன். அவள் முந்தானையை உதறிச் செருகினாள். "நீங்க சாக்கைத் தூக்கிட்டு வாங்க" என்றாள்.

தெருவின் மேல்கோடியில் தொடங்கினோம். கம்பவுண்டர் பின்னால் ஒதுங்கி நின்றுகொண்டார். அவள் வாசலில் நின்று தலையை நிமிர்த்துவாள், "கூரையில இருக்கறத எடுங்க" என்பாள், அவ்வளவுதான். உள்ளே போய் எடுத்து வந்து போட்டார்கள். சாக்கில் யானைகளும் கிளிகளும் சேர்ந்துகொண்டே வந்தன. தெரு முடிந்து எங்கள் பக்கத்து வீட்டுக்கு வந்தோம். கதவு சாத்தியிருந்தது. மதுரையிலிருந்து நாங்கள் வந்த நாளிலிருந்து அந்த அக்கா எங்கள் பக்கம் திரும்பியதில்லை, கம்பெனிக்குக்கூடச் சுற்றுவழியாகப் போய்வந்துகொண்டிருந்தாள். கம்பவுண்டர், "இது வேண்டாம் தாயி, நான் பெறகு வந்து வாங்கிக்கிடுதேன்" என்றார்.

அவள் கேட்கவில்லை. கதவில் தட்டினாள். மறுபடி தட்டினாள்.

"அக்கா, நான் மருந்து கேட்டு வரல. எனக்குக் கண்ணு தெரியுது. எங்கண்ணு தெரிஞ்சி உங்க மூஞ்சிய இன்னும் பாக்கலயே. தொறங்க."

தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது.