யாரும் பார்க்கக் கூடாது என்று ஏறிய ஏணி

எங்கள் வீட்டு முன்சுவரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அழுகை வரும். 1969ஆம் வருஷத்து மழையில் அது பச்சையும் கறுப்புமாகப் பாசி பிடித்துக் கிடந்தது. என் கணவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்த பிறகு சுண்ணாம்பே காணாத சுவர். ஆண் துணை இல்லாத வீடு என்று தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் அது சொல்வதுபோல் இருக்கும்.

செம்பாக்கம் ஏரிக்குப் பக்கத்துத் தெரு எங்களுடையது. அங்கேயே பள்ளிக்கூடத்தில் நான் டீச்சர். டிசம்பர் மாதம் என் மகள் லில்லிக்குப் பெருங்களத்தூரிலிருந்து ஒரு நல்ல சம்பந்தம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வீடு பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். வெள்ளையடிக்கும் கன்னியப்பனைத் தேடிப் போனேன். "பொங்கலு முடியிற வரிக்கும் கை ஒயியாதும்மா, அப்பால வந்து அட்ச்சித் தர்றேன்" என்றார். கிறிஸ்துமஸும் பொங்கலும் நெருங்கும் சமயம். வேறு ஆளும் கிடைக்கவில்லை.

கேட்டிருந்தால் பக்கத்து வீட்டு அண்ணன் வந்திருப்பார். சபை வாலிபர்கள் வந்திருப்பார்கள். கேட்க வாய் வரவில்லை. பந்தல் போடுகிறவர் வீட்டில் மூங்கில் ஏணி இரவல் வாங்கினேன். யார் ஏறுவது என்று கேட்டார். ஆள் வருகிறது என்று பொய் சொன்னேன்.

சனிக்கிழமை மத்தியானம் லில்லி பாட்டுப் பயிற்சிக்காகத் தாம்பரம் போயிருந்தாள். தெருவே சாப்பிட்டுப் படுத்திருந்தது. என்னிடம் படிக்கிற பிள்ளைகள் என்னை ஏணியில் பார்த்துவிடக் கூடாதே என்றுதான் அந்த நேரத்தைப் பார்த்து வைத்திருந்தேன். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, "ஆண்டவரே, நான் இறங்குகிற வரைக்கும் யார் கண்ணிலும் படக் கூடாது" என்று ஜெபித்துவிட்டு, சுண்ணாம்பு வாளியும் மட்டையுமாக ஏறினேன்.

வீட்டுக்கும் காம்பவுண்டு சுவருக்கும் நடுவே குறுகலான இடம். அதனால் ஏணியைச் சாய்வாகப் போட முடியாமல் ஏறக்குறைய நெட்டுக்குத்தாகவே நிறுத்தியிருந்தேன். மழை ஈரத்தில் ஒரு கால் மண்ணில் புதைந்தது. அதற்கு அடியில் உடைந்த செங்கல் ஒன்றைக் கொடுத்தேன். பிடித்துக்கொள்ள ஆள் இல்லை. மேலே ஒரு மூலை எட்டவில்லை. இறங்கி ஏணியை நகர்த்திப் போட்டிருக்க வேண்டும். இன்னும் கொஞ்சம்தானே என்று உடம்பு முழுவதும் ஏணிக்கு வெளியே போகும்படி சாய்ந்து கையை நீட்டினேன்.

செங்கல் நழுவியது. ஏணி சுவரோடு சரிந்து விழுந்தது. எப்படிப் பிடித்தேனோ தெரியாது, மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் இரண்டு கைகளும் இருந்தன. கால் விரல்கள் ஜன்னல் சன்ஷேடின் ஓரத்தில். அதிலும் பாசி. கீழே, திருடனுக்குப் பயந்து என் கணவர் கண்ணாடித் துண்டுகள் பதித்து வைத்த காம்பவுண்டு சுவர்.

அப்போதும் நான் கத்தவில்லை. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் கூசிப்போகிறேன். முழங்காலுக்கு மேல் ஏறிய புடவையும் சுண்ணாம்பு அப்பிய முகமுமாக என்னை யாராவது பார்ப்பார்களே என்று வாயை மூடிக்கொண்டு தொங்கினேன். கண்ணில் சுண்ணாம்பு பட்டு எரிந்தது. விரல்கள் மரத்துப்போயின. அப்பாவும் இல்லாமல் அம்மாவும் இல்லாமல் லில்லி நிற்பது மனசில் வந்தது. அப்போதுதான் உடைந்தேன். "ஆண்டவரே, யாராவது பார்க்கட்டும். யாராக இருந்தாலும் சரி" என்று சத்தம் போட்டே ஜெபித்தேன்.

கேட் திறக்கிற சத்தம் கேட்டது. வந்தது யார் தெரியுமா? மாப்பிள்ளையின் அப்பா ஆசீர் சாரும் அவர் மனைவி கிரேஸும். மறுநாள் மத்தியானம் வர முடியாது, சாயங்காலம் வருகிறோம் என்று சொல்லிவிட்டுப் போக வந்தவர்கள். குரலைக் கேட்டதும், கையை விட்டுவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

"டீச்சரம்மா, கீழ பாக்காதீங்க. சுவத்தையே பாத்துக்கிட்டு இருங்க" என்றார் ஆசீர் சார். செங்கலை எடுத்து எறிந்துவிட்டு, விழுந்து கிடந்த ஏணியைத் தூக்கி நிறுத்தி, மண்ணைக் கிளறி அதன் இரண்டு கால்களையும் சமமாக ஊன்றி, அடியில் தன் காலை முட்டுக்கொடுத்துப் பிடித்துக்கொண்டார். கிரேஸ் பட்டுப்புடவையோடு ஏறி வந்தார். என் பாதத்தைத் தன் கையில் பிடித்தார்.

"இந்தக் காலை விடுங்க அக்கா. நான் புடிச்சிருக்கேன்."

ஒவ்வொரு காலாக அவரே எடுத்து ஏணிப் படியில் வைத்தார். சம்பந்தியாக வர வேண்டியவர் என் அழுக்குக் காலைத் தொட்டார். இறங்கியதும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று நீங்கள் நினைத்தால் நான் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டேன் என்று எப்படியோ சொல்லிவிட்டேன். கிரேஸ் என் கண்ணைத் தண்ணீர் விட்டு விட்டுக் கழுவிக்கொண்டே இருந்தார்.

"ஒரு குரல் குடுத்திருக்கக் கூடாதா அக்கா? அதுதான் எனக்குக் கஷ்டமா இருக்கு" என்றார்.

ஆசீர் சார் சட்டையைக் கழற்றிவிட்டு, என் கணவரின் பழைய வேட்டி ஒன்றைக் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார். கை எட்டுகிற வரைக்கும் அடிப்பது, இறங்கி ஏணியை நகர்த்துவது, மறுபடி ஏறுவது என்று மீதிச் சுவரை அவரே முடித்தார். நாங்கள் இருவரும் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். தெருவே எழுந்து வந்து பார்த்தது. பக்கத்து வீட்டு அண்ணன், "என்கிட்ட சொல்லலியேம்மா" என்று மட்டும் சொன்னார். எனக்குத் தலை நிமிரவில்லை. ஈஸ்டர் முடிந்து லில்லியின் கல்யாணம் நடந்தது.

நான் கேட்ட முதல் ஜெபத்தைக் கர்த்தர் தள்ளிவிட்டார். இரண்டாவதைக் கேட்டார். முதலாவதைக் கேட்டிருந்தால் நான் இன்று இல்லை. இப்போதும் பிறரிடம் ஒன்றைக் கேட்க என் நாக்கு தடுமாறும். ஆனாலும் கேட்கிறேன். ஒவ்வொரு முறையும் அவர் ஆளை அனுப்புகிறார்.

பிரியமானவர்களே, உங்களில் யாராவது இப்போது வாயை மூடிக்கொண்டு தொங்கிக்கொண்டிருந்தால், தயவுசெய்து சத்தம் போடுங்கள். ஆண்டவரையும் கூப்பிடுங்கள், அடுத்த வீட்டையும் கூப்பிடுங்கள். இந்த டிசம்பரில் உங்கள் வீட்டுக்கு வெள்ளையடிப்பதாக இருந்தால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள். ஏணியைப் பிடித்துக்கொள்ள நான் வருகிறேன்.