சிவப்பு நூலைத் தாண்டிய பாதரசம்

அப்புசாமி அண்ணன் திட்ட ஆரம்பித்தால் மூச்சு விடாமல் திட்டுவார். குமாரபாளையத்துத் தறிப்பட்டறையில் அவருக்கு அடுத்த தறி என்னுடையது. அத்தனை இரைச்சலையும் மீறி அவர் குரல் என் காதில் வந்து விழும். நூல் அறுந்தால் நூலுக்குத் திட்டு, கரண்டு போனால் கரண்டுக்கு, ஒன்றும் அகப்படாவிட்டால் எனக்கு. ஆனாலும் அவர் இல்லாத நாளில் எனக்கு வேலை ஓடாது.

எண்பத்து மூன்றாம் வருஷம் ஒரு விஷக்காய்ச்சல் அவருக்கு வந்தது. அது விட்ட பிறகுதான் வினையே. காலில் ஆரம்பித்த தளர்ச்சி மேலே ஏறி, எழுந்து நிற்கவும் முடியவில்லை. சேலத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, அவர் மனைவி சென்னியம்மாள் அக்காவும் நானும் கூடவே இருந்தோம்.

"காய்ச்சல் போயிருச்சு, போறப்ப நரம்பைக் கெடுத்துட்டுப் போயிருக்கு," என்றார் டாக்டர் பாலசுந்தரம். "கை காலு மெதுவா வந்துரும். மூச்சு இழுக்கற தசை தளர்ந்துறக் கூடாது. எனக்கு அந்தப் பயந்தான்."

அந்தப் பலத்தை அளக்க அவரே ஒரு கருவி செய்து வைத்திருந்தார். பலகையில் வளைந்த கண்ணாடிக் குழாய், உள்ளே பாதரசம், வாயில் வைக்க ஒரு ரப்பர் குழாய். மூக்கைப் பொத்திக்கொண்டு, மூச்சையெல்லாம் வெளியே விட்டுவிட்டுப் பிறகு முழுப் பலத்தோடு உள்ளே இழுக்க வேண்டும். கண்ணாடியில் ஓரிடத்தில் சிவப்பு நூல் கட்டியிருந்தார். பாதரசம் அதைத் தாண்டி ஏறினால் பயமில்லை.

அண்ணன் இழுத்தார். பாதரசம் விறுவிறுவென்று நூலைத் தாண்டி ஏறியது.

டாக்டருக்கு ஒரே சந்தோஷம். "நாளைக்கு ஊருக்குப் போகலாம்," என்றார். நான் அப்போதே துணிமணியை மூட்டை கட்டத் தொடங்கிவிட்டேன். அக்கா மட்டும் அசையவில்லை.

"ஏனுங்க டாக்டரே, இவரு நேத்திருந்து என்னைய ஒரு வார்த்தை திட்டலீங்க."

டாக்டர் சிரித்தார். "நல்லதுதானேம்மா?"

"இல்லீங்க சாமி. 'தண்ணி'ங்கறாரு, நின்னு மூச்சு வாங்கறாரு, அப்பறந்தான் 'குடு'ங்கறாரு."

டாக்டரின் சிரிப்பு நின்றுவிட்டது. மறுபடி இழுக்கச் சொல்லி, இந்தத் தடவை பாதரசத்தைப் பார்க்காமல் ஆளைப் பார்த்தார். நெஞ்சு அசையவே இல்லை. கன்னங்கள் இரண்டும் மட்டும் உள்ளே ஒட்டிக்கொண்டன.

"இப்படி இழுக்க எங்க பழகினீங்க?"

பதில் சொல்ல அண்ணனுக்கு மூச்சு போதவில்லை. நான்தான் சொன்னேன். தறியில் ஊடுநூலைச் சுமந்து குறுக்கே ஓடும் கட்டைக்கு நாடா என்று பேர்; அதற்குள் புது நூல் போட்டால், அதன் முனையைச் சின்னத் துளை வழியாக வெளியே எடுக்க வேண்டும். ஊசி தேட யாருக்குப் பொறுமை? துளையில் வாயை வைத்துச் சர்ரென்று உறிஞ்சுவோம். அதில் நெஞ்சுக்கு வேலை கிடையாது, எல்லாம் கன்னமும் நாக்கும்தான். வாயில் குழாயைக் கொடுத்ததும் அண்ணன் பழக்கதோஷத்தில் நாடாவை உறிஞ்சுவதுபோலவே இழுத்திருக்கிறார்.

டாக்டர் நெற்றியில் அடித்துக்கொண்டார். மருந்து ஏற்றும் துளையுள்ள ஊசி ஒன்றை எடுத்து ரப்பர் குழாயில் குத்தி அப்படியே விட்டார். "கன்னத்தால இழுத்தா இனி இந்த ஓட்டை வழியாக் காத்து வந்துரும். நெஞ்சு இழுத்தாத்தான் பாதரசம் நிக்கும்."

அண்ணன் இழுத்தார். பாதரசம் கொஞ்சம் நடுங்கியது, அவ்வளவுதான். கட்டிய மூட்டையை ஓசைப்படாமல் அவிழ்த்தேன்.

அன்று சாயங்காலமே அண்ணனுக்கு மூச்சு முட்டியது. டாக்டர் தயாராக இருந்தார், உடனே மூச்சு கொடுக்கும் மெஷினில் போட்டார். ஊருக்குக் கூட்டிப்போயிருந்தால் ஆளே இருந்திருக்க மாட்டார்.

வாரங்கள் போயின. மெஷினை எடுத்தார்கள், உட்கார வைத்தார்கள், பிறகு மறுபடி அந்தக் குழாய். ஊசி குத்தியபடியே இருந்தது. பாதரசம் நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, ஒரு காலையில் சிவப்பு நூலைத் தாண்டியது. அண்ணனின் நெஞ்சு விம்மி எழுந்ததை நானே பார்த்தேன். அப்பாடா என்றிருந்தது. ஆனால் அக்கா முகத்தில் மட்டும் இன்னும் தெளிவில்லை. ஒருமுறை ஏமாற்றிய பாதரசம்தானே.

ஊர் திரும்பிய அன்று பஸ், எங்கள் நிறுத்தத்தைத் தாண்டிப் போய் நின்றது. அண்ணன் குச்சியை ஊன்றி இறங்கித் திரும்பினார்.

"ஏனப்பா கண்டக்டரு, குச்சி ஊனிக்கிட்டு வாரவன் ஒருத்தன் இருக்கறது உன்ற கண்ணுக்குத் தெரியுதா இல்லியா, ஸ்டாப்பிங்க உட்டுப்போட்டு இத்தன தூரம் தள்ளிக் கொண்டாந்து எறக்கறயே, இங்கிருந்து என்னைய ஊட்டுக்கு உங்கொப்பனா தூக்கீட்டுப் போவாரு..."

மூச்சு வாங்க அண்ணன் எங்கும் நிற்கவில்லை. கண்டக்டர் பதிலுக்கு வாயெடுத்தார். அக்கா அவசரமாகக் கையமர்த்தினார்.

"நீங்க பேசாதீங்க சாமி, அவரு முடிக்கட்டும்," என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டே.