சுன்னத்தும் கதீஜா அக்காவின் கேள்வியும்

ஃபிஜியின் சிகடோகா ஊர்ச் சந்தையில் பேருந்துக்காக நிற்கிறேன். பக்கத்துக் கடை ரேடியோவில் ஒரு டாக்டர் ஃபிஜி இந்தியில் பேசுகிறார். கத்தரிக்காயைக் கூறு கட்டிக்கொண்டிருக்கும் கதீஜா அக்கா, அம்மாவிடம் கற்ற தமிழில் எனக்குச் சொல்கிறார்: சுன்னத்து செய்த ஆண்களுக்கு எச்.ஐ.வி. தொற்றுவது குறைவு என்று ஆப்பிரிக்காவில் ஆராய்ந்து கண்டிருக்கிறார்களாம்.

“எங்க வூட்டுக்காரரு காலையில ரேடியோவுல கேட்டதுலேர்ந்து இதத்தான் பாடுறாரு” என்கிறார். இங்கே நடந்த ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு பிழைப்புக்காக நியூசிலாந்தின் ஆக்லாந்துக்குப் போன கணவர், சில வருஷம் கழித்து இப்போதுதான் திரும்பியிருக்கிறார். “ரத்த டெஸ்ட் எடு, இல்லாட்டி ஒறை போடுன்னேன். எனக்குச் சின்ன வயசுலயே சுன்னத்து ஆயிருச்சு, ஒண்ணும் வராதுங்கறாரு.”

எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. குறையும் என்றால் வரவே வராது என்றா அர்த்தம்? அதுவும், குறைவது ஆணுக்கு. கணவருக்கு ஏற்கெனவே தொற்று இருந்தால், சுன்னத்து அக்காவைக் காப்பாற்றாது. அதை அந்த டாக்டர் சொன்னாரா என்று கேட்கிறேன்.

“எங்க சொன்னாரு? ஆம்பளைங்களுக்குத்தான பேசுனாரு! அப்ப எனக்கு?” கையிலிருந்த கத்தரிக்காயைப் பொத்தென்று போடுகிறார். “டெஸ்ட் எடுக்காம எம் பக்கத்துல படுக்கக் கூடாதுன்னுட்டேன்.”

“சரியா சொன்னீங்கக்கா. இன்னைக்கே ஹெல்த் சென்டருக்குக் கூட்டிட்டுப் போங்க.”

கதீஜா அக்கா என்னை ஏற இறங்கப் பார்க்கிறார்.

“அங்க யாரு இருக்கா? டெஸ்ட் எடுக்கற நர்சம்மாவும் ஆக்லாந்து போயிட்டா.”