இரண்டாவதாகக் குதிப்பவன்

மெர்லினுக்கு அவசர மருத்துவத்தில் எம்.டி. கிடைத்த அன்று அவள் அம்மா வியாகுலம்மாள் கேட்ட முதல் கேள்வி, "போர்டு எங்க மாட்டப் போற?" என்பதுதான். கல்மண்டபத்தில் வீட்டின் கீழ் போர்ஷனைக் குடித்தனக்காரரிடம் சொல்லிக் காலி செய்தே வைத்திருந்தாராம். கண் டாக்டருக்குப் போர்டு உண்டு, பல் டாக்டருக்கும் உண்டு. எமர்ஜென்சி டாக்டர் எந்த வாசலில் உட்கார்ந்துகொண்டு, யார் அடிபட்டு வருவார்கள் என்று காத்திருப்பது? "எங்களுக்குப் போர்டே கெடையாதும்மா" என்று மகள் சொன்னதும், "அப்ப இன்னாத்துக்கு இத்தினி வருசம் படிச்ச?" என்று கேட்டுவிட்டு அந்த அம்மாள் கீழ் போர்ஷனுக்கு மறுபடியும் குடித்தனக்காரர் தேடக் கிளம்பிவிட்டாராம்.

நான் ரஹீமுன்னிசா. தண்டையார்பேட்டைப் பக்கம் ஒரு டிரஸ்ட் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் இருபத்திரண்டு வருடமாக நர்ஸ். எனக்கு வாய் நீளம், பொறுமை குறைவு. புது டாக்டர் வந்தால் ஒரு மாதம் முறைத்துப் பார்த்த பிறகுதான் சிரிப்பேன். மெர்லின் வந்த முதல் வாரமே என்னைச் சிரிக்க வைத்துவிட்டாள், அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் அவளை டாக்டர் என்றுதான் கூப்பிடுவேன். என் கடைசித் தங்கையைவிடச் சின்னவள் என்பதால் இங்கே அவள் என்றே எழுதுகிறேன்.

எங்களிடம் வருவதற்கு முன்னால் ஒரு வருடம் ஆப்பிரிக்காவில், சியரா லியோன் நாட்டின் ஃப்ரீடவுன் துறைமுகத்தில், ஓர் ஆஸ்பத்திரியில் பாடம் நடத்தப் போயிருந்தாள். டாக்டர்களுக்கும் நர்ஸ்களுக்கும் வகுப்பெடுக்கத்தான் போனாள். ஆனால் அடிபட்டவர்களை வாசலுக்குக் கொண்டு வருவதே பைக் டாக்ஸி ஓட்டுகிறவர்கள் என்று பார்த்ததும், சாயங்காலங்களில் அவர்களுக்கும் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்திருக்கிறாள். "ரத்தத்த எப்டி நிறுத்தணும்னு பைக்குக்காரங்களுக்குத் தெரிஞ்ச அப்புறந்தான் சிஸ்டர், எங்ககிட்ட உயிரோட ஆளுங்க வந்தாங்க" என்பாள்.

அவள் இங்கே வந்த மறு வருடம், ஒரு நாள் மூன்று பேரைக் கொண்டுவந்தார்கள். எண்ணூர்ப் பக்கத்து விசைப்படகு ஒன்றில் மீன் கொட்டி வைக்கும் அடியறையைப் பல நாள் பூட்டி வைத்திருக்கிறார்கள். அழுகிய மீன்தண்ணீரில் விஷக் காற்று சேர்ந்துவிட்டது. கழுவ இறங்கியவன் மயங்கி விழுந்தான். அவனைத் தூக்க இன்னொருவன் குதித்தான். அவனைத் தூக்க மூன்றாமவன். மூவரையும் மீன் வண்டியில் போட்டுக்கொண்டு வந்தார்கள். ஒருவரையும் பிழைக்க வைக்க முடியவில்லை. வெளியே மூன்று வீட்டுப் பெண்கள் அடித்துக்கொண்டு அழுத சத்தம், யா அல்லாஹ், எதிரிக்குக்கூட அது வேண்டாம்.

மெர்லின் கை கழுவும் இடத்தில் நின்று ரொம்ப நேரம் கழுவிக்கொண்டிருந்தாள். "மொதல் ஆள விடுங்க சிஸ்டர். மத்த ரெண்டு பேரும் எதுக்குச் செத்தாங்க? எந்த நோயும் இல்ல. இனிமே இங்க ரெண்டாவது ஆளா ஒருத்தனும் வரக் கூடாது" என்றாள். எனக்கு எரிச்சல் வந்தது. கூட வந்தவன் விழுந்தால் குதிப்பான்தான், மனிதன் வேறென்ன செய்வான் என்று நான் அவளிடமே கேட்டேன். அவள் மறுநாளே எங்கள் பக்கத்து மீன்பிடித் துறைமுகத்துக்குப் போய்விட்டாள்.

கோடையில் இரண்டு மாதம் மீன்பிடித் தடைக்காலம். படகெல்லாம் கரையில் நிற்கும், வண்ணம் அடிப்பார்கள், இன்ஜின் பார்ப்பார்கள். மெர்லினின் தம்பி ஃப்ரெடி மெக்கானிக், அவனுக்கும் அப்போதுதான் வேலை. எல்லா ஆட்களும் ஓர் இடத்தில் கிடைப்பது அப்போதுதான். மெர்லின் பயிற்சிக்கு ஓர் ஆள் உயரப் பொம்மை, கயிறு, கொக்கி, மூச்சுக் கொடுக்கும் பலூன் பை, ஒரு பெரிய காற்றாடி இவற்றோடு போய் நின்றாள். சுமக்க நான். லீவு நாளில் கூப்பிட்டாளே என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டே சுமந்தேன்.

"மூடியத் தொறந்து அரை மணி நேரம் ஃபேன் வுடுங்க. இடுப்புல கயிறு கட்டாம எறங்காதீங்க. மீறி ஒருத்தன் வுழுந்துட்டா யாரும் எறங்காதீங்க. மேலருந்தே இழுங்க" என்றாள்.

ஜெரால்ட் எழுந்தார். ஐம்பது வயது, சொந்தப் படகு, துறைமுகத்தில் அவர் பேச்சுக்கு மரியாதை உண்டு. ஆள் நல்ல கனம். "இன்னா டாக்டரம்மா சொல்ற? கூட வந்தவன் உள்ள வுழுந்து கெடக்கறான், நான் மேல நின்னு வேடிக்க பாத்துகினு இருக்கணுமா? அப்பால எந்த மூஞ்சிய வெச்சிகினு அவன் வூட்டுக்குப் போவேன்? குதிக்காதவன் வூட்ல பொண்ணு எடுக்க எவன் வருவான்?" என்றார். மொத்தக் கூட்டமும் எழுந்து போய்விட்டது. பொம்மையும் நாங்களும்தான் மிச்சம்.

இதோடு விடுவாள் என்று நினைத்தேன். ஒரு வாரம் கழித்து மறுபடியும் போனாள். இந்த முறை குதிக்காதே என்று ஆரம்பிக்கவே இல்லை. "ஒவ்வொரு போட்டுக்கும் ஒரு ஆள் வேணும். குதிக்கப் போறவனப் புடிச்சி நிறுத்தற வேல. அவன் அடிப்பான், திட்டுவான், விடக் கூடாது. புடிச்சி நிறுத்தறவனும் ஒரு உசுரக் காப்பாத்தறான். யாருக்கு அந்தத் தில்லு கீது?" என்றாள்.

சும்மா நில் என்றால் போகிறவர்கள், தில் இருக்கிறதா என்றால் நிற்கிறார்கள். இதென்ன ஆண்பிள்ளைப் புத்தியோ! ஜெரால்டே, "எம் போட்டுக்கு நாந்தான். என்னத் தள்ளிட்டு எவன் போவான் பாக்கலாம்" என்று முன்னால் வந்தார். ஒருவரை ஒருவர் கட்டிப் பிடித்து, திமிறி, கொக்கியால் பொம்மையின் பெல்ட்டை மாட்டி இழுத்து, ஒரே கூத்து. மூன்று வாரத்தில் பதினெட்டுப் படகுக்காரர்கள் சேர்ந்தார்கள்.

ஃப்ரீடவுனுக்கும் இதை எழுதினாள். அங்கேயும் மீன் துறைமுகம், அங்கேயும் அதே அடியறை, அதே சாவு. உங்கள் ஊரில் பலித்தால் இரண்டு பேராக வந்து எங்களுக்கு ஆறு மாதம் சொல்லிக்கொடுங்கள் என்று பதில் வந்தது. பலிக்குமா என்பதுதான் அவளை அரித்துக்கொண்டிருந்தது. "பொம்மைய விட்டு நிப்பாங்க சிஸ்டர். சொந்த ஆள விட்டு நிப்பாங்களா?" என்பாள்.

ஜூன் முதல் வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. ஜெரால்டின் படகில் வகுப்பு. ஐம்பது நாளாக மூடிக் கிடந்த அடியறையை அப்போதுதான் திறந்திருந்தார்கள், ஃபேனுக்கு இன்னும் கரன்ட் கொடுக்கவில்லை. அங்கே பம்பு ரிப்பேருக்கு வந்திருந்தவன் மெர்லினின் தம்பி ஃப்ரெடிதான். அவன் ஸ்பேனர் கை தவறி உள்ளே விழுந்தது. "ஒரு நிமிசம்" என்று கயிறும் கட்டாமல் ஏணியில் இறங்கினான். நான்கு படி போயிருப்பான். தொம்மென்று சத்தம்.

பொம்மை பக்கத்தில் உட்கார்ந்திருந்த மெர்லின், "ஃப்ரெடீ!" என்று கத்திக்கொண்டு ஓடினாள். நான் பார்த்தேன், அவளுடைய ஒரு கால் உள்ளே போய்விட்டது. எல்லாம் படித்தவள், எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்தவள், இரண்டாவது ஆளாக இறங்குகிறாள்.

ஜெரால்ட் பின்னால் வந்து அவள் இடுப்பைச் சுற்றி இரண்டு கையையும் போட்டு, அப்படியே அவளோடு தரையில் குந்திவிட்டார். "உடுடா! உடுடா என்ன! எந் தம்பிடா!" என்று அவள் போட்ட கூச்சலைப் போல நான் கேட்டதில்லை. உதைத்தாள். அவர் கையில் பல் பதியக் கடித்தாள், ரத்தம் வந்தது. அவர் விடவில்லை. வலியில் கண்ணில் தண்ணீர் வழிய, "ஃபேனப் போடு! கொக்கிய எடு! அவன் பெல்ட்டுல மாட்டு, பெல்ட்டுல!" என்று கத்திக்கொண்டே இருந்தார்.

மூன்று முறை கொக்கி நழுவியது. நான்காவது முறை மாட்டியது. ஐந்து பேர் சேர்ந்து இழுத்து மேலே போட்டார்கள். முகம் சாம்பல் நிறம், மூச்சு இல்லை, நாடி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அப்போதுதான் ஜெரால்ட் கையை எடுத்தார். "இப்ப போ. இப்ப உன் வேல" என்றார். மெர்லின் தவழ்ந்து வந்து பலூன் பையை அவன் முகத்தில் வைத்தாள். ஆம்புலன்ஸ் வருவதற்குள் ஃப்ரெடி தானாக இருமினான். ஆறாம் நாள் வீட்டுக்குப் போனான்.

அவள்தான் உடைந்துபோனாள். டாக்டர் அறையில் உட்கார்ந்து, "நான் குதிச்சிருப்பேன் சிஸ்டர். இனிமே யாருக்கும் சொல்லிக்கொடுக்க எனக்கு அருகதை இல்ல" என்று அழுதாள். எனக்கும் அழுகை வந்தது, அதனால் திட்டினேன். வேறென்ன தெரியும் எனக்கு?

கட்டு மாற்ற வந்த ஜெரால்டிடம் கையெடுத்துக் கும்பிட்டு, வகுப்பை நிறுத்தப் போவதாகச் சொன்னாள்.

"நீ ஃபெயிலு, அது எல்லாருக்கும் தெரியும்" என்றார் ஜெரால்ட். "நாங்க பாஸாயிட்டமா இல்லியா? அத்த சொல்லு மொதல்ல. கம்முனு அடுத்த வாரம் வந்து சேரு, இன்னும் முப்பது போட்டு கீது."

அடுத்த வாரம் போனாள். பொம்மையை எடுப்பதற்கு முன்னால் எல்லார் முன்னாலும் நின்று, "நான் குதிக்கப் போனேன். இவர்தான் புடிச்சார்" என்று சொன்னாள். அன்று ஒருவரும் எழுந்து போகவில்லை.

ஃப்ரீடவுனிலிருந்து விண்ணப்பப் படிவம் வந்தது. உடன் வரும் பயிற்சியாளர் என்ற இடத்தில் எந்த டாக்டர் பெயரைப் போடப் போகிறாள் என்று எங்கள் டிபார்ட்மென்ட்டில் ஆளாளுக்குப் பேசிக்கொண்டார்கள். அவள் ஜெரால்டின் பெயரைப் போட்டாள். அனுப்புவதற்கு முன்னால் என்னிடம் படித்துக் காட்டினாள். கல்வித் தகுதி: எட்டாம் வகுப்பு. பயிற்சி அளிப்பதற்கான தகுதி: நான் கடித்தும் என்னை விடவில்லை.