கல்லில் விழுந்த ‘திரு’

செம்மணல்விளை ஊராட்சி அலுவலகத்துக்குப் புதுக் கட்டடம் கட்டினார்கள். அதன் முகப்பில் பதிக்க ஒரு கறுப்புக் கல் வந்து இறங்கியது. இதுவரை இருந்த ஒன்பது தலைவர்களின் பெயர்களும் வருடங்களும் அதில் வெட்டப்பட்டிருந்தன. ஆறாவது வரி இப்படி இருந்தது: ‘1996–2001 திரு. செல்லக்கனி.’

செல்லக்கனி பெண். ஐம்பத்தெட்டு வயது. குலசேகரன்பட்டினம் போகிற சாலையில் மாவு மில் வைத்திருக்கிறார்.

தவறில் எனக்கும் பங்கு உண்டு. ஏழு வருடம் ஐந்து நாடுகளில் வேலை பார்த்துவிட்டு ஊருக்கு வந்திருந்தேன். வீட்டில் கால் தரிக்கவில்லை. தலைவர் செந்தூர்வேல் என்னைக் கூப்பிட்டு, “சும்மாதான இருக்க அனுசியா? பழைய தீர்மானப் புத்தகத்தப் பாத்து, யார் யார் எந்த வருசம் தலைவரா இருந்தாவன்னு ஒரு லிஸ்ட் எடுத்துக் குடு” என்றார். எடுத்தேன். பெயரும் வருடமும் மட்டும் எழுதிக் கொடுத்தேன். மில்லர்புரத்தில் கல் வெட்டியவர் மரியாதைக்காக எல்லோருக்கும் ‘திரு’ போட்டுவிட்டார். பின்னாளில் தலைவரான உமாராணிக்கு மட்டும் ‘திருமதி’. எங்கள் பக்கம் செல்லக்கனி என்று ஆணுக்கும் பெயர் வைப்பார்கள், பெண்ணுக்கும் வைப்பார்கள். கல் வெட்டியவருக்குத் தெரிந்த செல்லக்கனிகள் எல்லாம் மளிகைக்கடை அண்ணாச்சிகளாக இருந்திருக்க வேண்டும்.

செல்லக்கனி மில்லை நிறுத்திவிட்டு வந்தார். புருவத்தில் கேழ்வரகு மாவு. கல்லை இரண்டு முறை வாசித்தார்.

“ஏலே செந்தூர்வேலு, யாருல இந்த ஆம்பள?”

செந்தூர்வேல் அவருடைய கொழுந்தன் மகன். சிரித்துச் சமாளித்தார். “விடுங்க பெரியம்ம. ஊருக்குத் தெரியாதா நீங்கதான்னு?”

“ஊருக்குத் தெரியுமா? அந்த டேங்கு யாரு கெட்டுனதுன்னு போய்க் கேளு. சிவசுப்பிரமணியன் அண்ணாச்சி கெட்டுனதுன்னு சொல்லுவான். அந்தா போற ரோடு? அதுவும் அண்ணாச்சி போட்டது. அவிய எந்த எலக்சன்ல நின்னாவ?”

சிவசுப்பிரமணியன் அவருடைய கணவர். இறந்து ஏழு வருடமாகிறது.

“பெரியப்பா அறிவாளில்லா” என்றார் செந்தூர்வேல்.

“அறிவாளிதான். அதுக்கு?”

சுதந்திர தினத்தில் நடக்கவிருந்த திறப்பு விழாவுக்கு மூன்று நாள் இருந்தது.

பட்டியல் எடுக்கும்போது நான் தீர்மானப் புத்தகங்களைப் புரட்டியிருக்கிறேன். கரையான் அரித்தவை போக மிச்சத்தில் இந்தச் சின்ன ஊரை ஆண்டவர்களின் கதை முழுக்க இருக்கிறது. முதல் தலைவர் சாகும்வரை தலைவராக இருந்தார். அடுத்தவர் அவர் மகன். தேர்தலே நடக்காத வருடங்களில் தனி அலுவலர்கள் கையெழுத்துப் போட்டார்கள். தொண்ணூற்றாறில் ஊராட்சி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டதும், சிவசுப்பிரமணியன் மனைவியை நிறுத்தினார். சுவரொட்டியில் அவர் படம் பெரிது, வேட்பாளர் படம் தபால்தலை அளவு. ஜெயித்தபின் மாலையும் கணவர் கழுத்தில்தான் விழுந்தது.

முதல் ஒன்றரை வருடம் புத்தகத்தில் ‘செல்லக்கனி’ என்ற கையெழுத்து நல்ல சாய்வெழுத்தில், ஓடும் கையில் இருக்கிறது. அது கணவரின் கை. செல்லக்கனி ஏழாம் வகுப்பு. எழுத்து ஒவ்வொன்றும் தனித்தனியாக நிற்கும்.

தொண்ணூற்றெட்டு மார்ச்சில் ஒரு தீர்மானம். ஊர்ப் பொதுவில் கிடந்த தேரி மணல்மேட்டிலிருந்து ஒரு காண்டிராக்டர் செம்மணல் அள்ள ஊராட்சிக்கு ஆட்சேபணை இல்லை என்று எழுதி, கீழே அதே சாய்ந்த கையெழுத்து. அதற்கும் கீழே, தனித்தனி எழுத்துகளில், பேனா தாளைக் கிழிக்கும் அளவுக்கு அழுத்தி ஒரு வரி:

‘மேலே உள்ளது என் கையெழுத்து இல்லை. இந்தத் தீர்மானம் செல்லாது. செல்லக்கனி, தலைவர்.’

அதைப் பற்றி மில்லில் வைத்து அவரிடம் கேட்டேன்.

“லாரி வந்து நிக்கி. இவிய அந்தக் காண்டிராக்டர்கூட உக்காந்து காப்பி குடிக்காவ. நான் புத்தகத்த எடுத்து எழுதிட்டு, யூனியன் ஆபீசுக்கு பஸ் ஏறிட்டேன்.”

“மாமா என்ன சொன்னாவ?”

“ஒண்ணும் சொல்லல. நாலு மாசம் பேச்சே இல்ல. நான் சோறு வச்சேன், அவிய தின்னாவ. அதுலயெல்லாம் குறையில்ல.” மில்லின் வார் கழன்று படபடத்தது. காலாலேயே சுவிட்சை அணைத்தார். “தேரி அங்கன அப்படியே கெடக்குல்லா. போய்ப் பாரு.”

அந்த மார்ச்சுக்குப் பிறகு புத்தகத்தில் சாய்ந்த கையெழுத்து ஒன்றுகூட இல்லை. மூன்றரை வருடம் தனித்தனி எழுத்துகள்தான்.

பதினான்காம் தேதி கல்வெட்டுக்காரரை அழைத்து வந்தார்கள். கல்லைச் சுவரில் பதித்தாகிவிட்டது. இனி கழற்றினால் உடையும் என்றார். ‘திரு’வுக்கும் ‘செல்லக்கனி’க்கும் நடுவே, கொஞ்சம் மேலே தூக்கினாற்போல, சின்னதாக ‘மதி’ வெட்டலாம் என்று பென்சிலால் கோடு போட்டுக் காட்டினார்.

“நல்லாருக்கே” என்றார் செந்தூர்வேல். “முடிஞ்சு போச்சு.”

“பஸ்சுல எடமில்லாத ஆள மாதிரி தொங்கல்ல ஏத்தி விடப் பாக்கியா என்னய?” என்றார் செல்லக்கனி. “ஒன்றர வருசம் அப்படித்தான் கெடந்தேன். கல்லுலயும் அப்படியா? வேண்டாம்.”

“வேற என்னதான் செய்யச் சொல்லுதிய? நாளைக்குக் காலையில ஆபீசருவ வாராவ.”

“அந்த ‘திரு’வ எடு.”

“கல்லுல வெட்டுனத எப்படிப் பெரியம்ம எடுக்க?”

செல்லக்கனி மில்லுக்குத் திரும்பிப் போய்விட்டார். ஒருவழியாக ஒத்துக்கொண்டார் என்று செந்தூர்வேல் என்னிடம் சொன்னார். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

சுதந்திர தினத்தன்று காலை ஏழு மணிக்கு நான் போனபோது, செல்லக்கனி ஒரு ஸ்டூல் மேல் நின்றிருந்தார். கல்லை மூடியிருந்த திரையைத் தோளில் ஒதுக்கிப் போட்டிருந்தார். கையில் எம்சீல். குழாய் ஒழுகினால் பிசைந்து அடைப்போமே, அதுதான். மில்லில் எப்போதும் வைத்திருப்பார். ‘தி’யை முழுவதும் அடைத்தாகிவிட்டது. ‘ரு’வின் பள்ளத்தில் கட்டைவிரலால் அழுத்தி, தண்ணீர் தொட்டு மழமழவென்று வழித்துக்கொண்டிருந்தார்.

“ஏளா, புள்ளிய விட்டுட்டனா?”

“இருக்கு.”

அதையும் அடைத்தார். இறங்கி ஸ்டூலைக் கல்லுக்கு நேராகப் போட்டு உட்கார்ந்துகொண்டார். “ஒரு மணி நேரத்துல கல்லாயிரும். அதுவரைக்கும் ஒருத்தனும் கிட்ட வரக்கூடாது.”

எட்டேகாலுக்குச் செந்தூர்வேலும் ஊராட்சிச் செயலர் ஜெஸ்டினும் வந்தார்கள். செந்தூர்வேல் கல்லைத் தொட்டுப் பார்த்தார். நகத்தால் சுரண்டினார். வரவில்லை.

“என்ன காரியம் பண்ணிருக்கிய? இது அரசாங்கச் சொத்து. கேஸாயிரும்.”

“போடு. புகார்லயாவது பொம்பளன்னு எழுதுவேல்லா.”

ஜெஸ்டின் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது.

“எல்லாருக்கும் முன்னால திரு இருக்கு. உங்களுக்கு மட்டும் மொட்டையா நிக்கி. பாக்கவே அசிங்கமா இருக்கு.”

“நிக்கட்டும். மொட்டையா நின்னாத்தான் இது யாருன்னு கேப்பான்.”

விழா நடந்தது. செல்லக்கனி முன்னாள் தலைவர்களின் வரிசையில் உட்கார்ந்து மிக்சர் தின்றார். வந்த அதிகாரி கல்லைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. செந்தூர்வேல்தான் மனம் பொறுக்காமல், அடுத்த வாரம் விளக்கம் கேட்டு ஊராட்சியின் முத்திரையோடு ஒரு கடிதம் அனுப்பினார். ‘திருமதி செல்லக்கனி, க/பெ (லேட்) சிவசுப்பிரமணியன்’ என்று விலாசம் இருந்தது.

செல்லக்கனி அதை மில் மேடையில் வைத்து வாசித்தார். என் பேனாவை வாங்கி, ‘க/பெ’யிலிருந்து முழுவதையும் அடித்தார். மாவு படிந்த கையால் அந்தக் கடிதத்தின் கீழேயே பதில் எழுதி, மடித்து என்னிடம் கொடுத்தார். ஊராட்சி அலுவலகம் போகிற வழியில் பிரித்துப் பார்த்தேன்.

‘தப்பாக இருந்தது. சரி செய்தேன். செல்லக்கனி, முன்னாள் தலைவர்.’